ஸ்டேப்ளரில் சிக்கிய பின்னை வாய் கெடாமல் எடுப்பது எப்படி?

ஸ்டேப்ளரில் பின் சிக்கிக்கொண்டால் பெரும்பாலானோர் முதலில் செய்வது, முன்னைவிட ஓங்கி இன்னொரு முறை அழுத்துவது. கேடு தொடங்குவது அந்த இரண்டாவது அழுத்தத்தில்தான். முதல் அழுத்தத்தில் சிக்கியது ஒரே ஒரு பின். அதைக் குண்டூசியால் நெம்பினால் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். மறுபடி அழுத்தியதும், வளைந்து கிடக்கும் அந்தப் பின்னின் தலைமேல் அடுத்த பின் ஏறி உட்கார்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அடிக்கும் தகட்டையும் சேர்த்துக் கவ்விக்கொள்கின்றன. அதன் பிறகு மேல்மூடியைத் தூக்கக்கூட முடிவதில்லை.

சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் எதிரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பத்திர நகல், வில்லங்கச் சான்று, பட்டா, ஆதார் நகல் என்று எல்லாவற்றையும் கட்டுக்கட்டாகப் பின் அடித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று வாடிக்கையாளர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் ஸ்டேப்ளர் கடித்துக்கொண்டால் கை பதறும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பதற்றத்தில், திருப்புளியை வாய்க்குள் விட்டு முன்பக்கமாக நெம்பினேன். பின் வந்துவிட்டது. ஆனால் அன்று முதல் அந்த ஸ்டேப்ளர் பத்து அடிக்கு ஒரு முறை சிக்கத் தொடங்கியது. காரணம் தெரிய வேண்டும் என்று அதை முழுவதும் பிரித்துப் பார்த்தபோது புரிந்துகொண்டதும், அதன் பிறகு நாள்தோறும் கையால் பழகிக்கொண்டதும்தான் இந்தக் குறிப்பு.

நம் ஊர் மேசைகளில் மிகுதியாக இருப்பது 10ஆம் எண் பின் போடும் சிறிய ஸ்டேப்ளர். ஜப்பானின் மேக்ஸ், லூதியானாவின் காங்காரோ ஆகிய நிறுவனங்கள் செய்யும் சிறிய ஸ்டேப்ளர்கள் பலவும் இந்த எண்ணுக்கு உரியவை. பின் பெட்டியின் மேல் 10-1எம் என்று அச்சிட்டிருப்பார்கள். 1எம் என்பது 1000 பின்களைக் குறிக்கும்; 50 பின்கள் கொண்ட 20 சரங்களாக அவை பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். சற்றுப் பெரிய ஸ்டேப்ளர்களுக்கு 24/6, 26/6 என்ற அளவுகள் உண்டு. இவற்றில் முதல் எண் கம்பியின் கனத்தையும், அடுத்த எண் பின்னின் கால் எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பதையும் சொல்கின்றன. முதல் எண் கூடக்கூடக் கம்பி மெலிந்துகொண்டு போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 24ஐவிட 26 மெல்லியது. நான் முதன்மையாக 10ஆம் எண் ஸ்டேப்ளரை வைத்தே விளக்குகிறேன். மற்றவை எங்கே வேறுபடுகின்றன என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது

எடுக்கும் முறைக்குப் போவதற்கு முன் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். ஸ்டேப்ளரைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. மேல்மூடியைத் தூக்கினால் நீளமான பள்ளம் ஒன்று தெரியும். பின் சரம் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி அதில் உட்காருகிறது. சரத்துக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு இணைந்த சிறு கட்டை ஒன்று இருக்கிறது. சரத்தை ஓயாமல் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருப்பது அதன் வேலை என்பதால் அதைத் தள்ளுகட்டை என்று வைத்துக்கொள்வோம். மேல்மூடியின் முனையில் உள்பக்கமாகக் கீழ்நோக்கி நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு அடிதகடு. பள்ளத்தின் நுனியில், முன்பக்கத் தகட்டை ஒட்டி இருக்கும் குறுகிய இடுக்கை வாய் என்கிறோம். கீழே அடித்தட்டின் நுனியில் இரண்டு சிறு குழிகளோடு இருப்பது குழித்தகடு. காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வந்த இரண்டு கால்களையும் மடக்கிப் படுக்க வைப்பது அதுதான்.

இவற்றில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த வாய். அதன் இடைவெளி ஒரு பின்னின் கம்பிக் கனத்துக்கு ஏற்ப அமைந்தது. 10ஆம் எண் பின்னில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சரத்தில் இருக்கும் பின்கள் ஒன்றோடொன்று பசையால் ஒட்டப்பட்டவை. தள்ளுகட்டை சரத்தை முன்னே நகர்த்த, முதல் பின் மட்டும் வாய்க்குள் வந்து நிற்கிறது. அடிதகடு இறங்கி, அந்த ஒரு பின்னைப் பசையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்க் காகிதத்தில் இறக்குகிறது. ஒரு பின்னைத் தனியாகக் கையில் எடுத்து அதன் காலை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எளிதில் வளைந்துவிடும். அத்தனை மெல்லிய கால் இருபது தாள்களைத் துளைத்துக்கொண்டு போவதற்குக் காரணம், இறங்கும்போது முன்னும் பின்னும் பக்கங்களிலும் வாயின் சுவர்கள் அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். வாய் கொஞ்சம் அகன்றாலும் இரண்டு கேடுகள் சேர்ந்து வரும்: கால் வளைய இடம் கிடைத்துவிடும், அடுத்த பின்னும் அரைகுறையாக உள்ளே நுழைந்துவிடும்.

நான் திருப்புளியால் நெம்பியபோது செய்தது இதைத்தான். முன்பக்கத் தகடு வெளியே வளைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னுக்குத் தெரிந்தது.

மேல்மூடி இப்படி முழுவதும் திறக்கிறதே, அதுவே சிக்கல் எடுப்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. அமெரிக்காவில் ஜார்ஜ் மக்கில் 1879இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பின்னைத்தான் வைக்க முடியும்; அடித்ததும் அடுத்ததை வைக்க வேண்டும். பிறகு சரமாகப் பின் போடும் இயந்திரங்கள் வந்தன. மேல்மூடியைத் திறந்து சரத்தை அப்படியே பள்ளத்தில் போட்டு மூடும் அமைப்பைப் பின்னாளில் ஸ்விங்லைன் என்று பெயர் மாற்றிக்கொண்ட நியூயார்க் நிறுவனம் 1930களில் பரப்பியது. பின் போட வசதியாகச் செய்த அந்த அமைப்பு, சிக்கியதை மேலிருந்து பார்க்கவும் வழி திறந்துவிட்டது.

எடுக்கும் முறை

கையை முதலில் மூடியிலிருந்து எடுத்துவிடுங்கள். காகிதம் இன்னும் ஸ்டேப்ளரின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தால் அதை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பின்னின் கால்கள் பாதி காகிதத்திலும் தலை பாதி வாயிலுமாக இருக்கும் நிலையில் இழுத்தால், காகிதம் கிழிவதோடு கால்கள் கோணலாகத் திரும்பி வாய்க்குள் இறுகிக்கொள்ளும். அடித்தட்டை நன்றாக விரித்து, காகிதத்தை நேர் கீழாக, மெதுவாக இறக்குங்கள். பெரும்பாலும் பின்னும் அதனோடு சேர்ந்து வந்துவிடும். வந்துவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது.

வராவிட்டால், ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து அதன் மேல் வேலையைச் செய்யுங்கள். உடைந்த கால் துண்டு ஒன்று தெறித்தாலும் வெள்ளையில் தெரியும். தேவையானவை இரண்டு குண்டூசிகள், முனை மெலிந்த மூக்குக் குறடு அல்லது பொற்கொல்லர் வைத்திருக்கும் சாமணம், கைபேசியின் டார்ச் வெளிச்சம். சாமணம் இல்லாவிட்டால் புருவம் திருத்தும் சிறிய இடுக்கி போதும். தையல் ஊசி வேண்டாம். அது நெம்பும்போது ஒடிந்து தெறிக்கும். குண்டூசி ஒடியாது, வளையத்தான் செய்யும். வாய்ப் பக்கத்தை உங்கள் முகத்துக்கு நேராகவோ எதிரில் நிற்பவருக்கு நேராகவோ பிடிக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் இழுத்த நிலையிலேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து ஸ்பிரிங்கின் அழுத்தத்தை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் வாயைக் குடைவதுதான் பலரும் செய்யும் தவறு. தள்ளுகட்டை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்போது, சிக்கிய பின்னை நீங்கள் அசைக்க அசைக்க அடுத்த பின் முன்னே வந்து அதை இன்னும் நெருக்கும். 10ஆம் எண் ஸ்டேப்ளர்களில் மேல்மூடியை முழுவதும் பின்னால் சாய்த்தால் தள்ளுகட்டையும் தானாகப் பின்னுக்குப் போய்விடும். பின்பக்கம் ஒரு குமிழை அழுத்தித் தள்ளுகட்டையை வெளியே உருவும் வகையாக இருந்தால், குமிழின் மேல் விரலை வைத்துக்கொண்டே மெல்ல விடுங்கள். சட்டென்று விட்டால் ஸ்பிரிங் அதைத் தெறிக்க வைக்கும். அழுத்தம் நீங்கியதும் மீதமிருக்கும் சரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். பள்ளம் காலியாகிவிட்டது, வாயில் சிக்கியது மட்டும் மிச்சம் என்ற நிலைக்கு வந்த பிறகே குண்டூசியைக் கையில் எடுக்க வேண்டும்.

மேல்மூடியே திறக்கவில்லை என்றால், அடிதகடு வாய்க்குள் கவ்வப்பட்டிருக்கிறது என்று பொருள். அடித்தட்டை முழுவதுமாகப் பின்னால் விரித்துவிட்டு, பள்ளப் பகுதியை இடது கையால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேல்மூடியின் நுனியை நேர் மேலாக இழுங்கள். அசைக்க வேண்டியிருந்தால் மேலும் கீழுமாக மட்டும் சிறிது சிறிதாக அசைக்கலாம். பக்கவாட்டில் திருகக் கூடாது. அடிதகடு மெல்லியது, ஒரு முறை கோணிவிட்டால் அதை மறுபடி நேராக்கிப் பயன்படுத்துவது எளிதன்று. அப்படியும் அசையாவிட்டால், ஸ்டேப்ளரைத் தலைகீழாகத் திருப்பி, வாயின் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பின் கால்களைக் குறடால் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். ஒரு கால் நகர்ந்தால்கூடப் பிடி தளர்ந்து மூடி மேலே வந்துவிடும்.

இப்போது வெளிச்சத்தை வாய்க்கு நேராகப் பிடித்து, மேலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். எந்தப் பக்கம் கம்பி அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமாகத்தான் பின்னை வெளியே கொண்டுவர வேண்டும். கால்கள் இரண்டும் கீழே நீட்டிக்கொண்டிருந்தால், குறடால் ஒரு காலை நுனியில் பிடிக்காமல் வாயை ஒட்டிப் பிடித்து நேர் கீழாக இழுங்கள். நுனியில் பிடித்து இழுத்தால் கால் நீண்டு ஒடிந்து, தலை மட்டும் உள்ளே தங்கிவிடும். ஒரு கால் கொஞ்சம் இறங்கியதும் மறு காலுக்கு மாறுங்கள். மாற்றி மாற்றி இழுத்தால் தலை சாயாமல் இறங்கும். இதற்கு மாறாகக் கீழே ஒன்றும் தெரியாமல் பின் முழுவதும் உள்ளேயே நசுங்கிக் கிடந்தால், கீழிருந்து குண்டூசியை வாய்க்குள் விட்டு மேல்நோக்கித் தள்ளுங்கள். பின் சற்று எழும்பியதும் மேலிருந்து சாமணத்தால் பற்றிப் பள்ளத்துக்குள் பின்னோக்கி இழுத்து எடுத்துவிடலாம்.

குண்டூசியால் நெம்பும்போது திசை ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். முன்பக்கத் தகட்டை வெளியே தள்ளும் திசையில் ஒருபோதும் நெம்பாதீர்கள். ஊசியைப் பின்னின் தலைக்கு முன்னால் செருகிப் பின்னுக்கு, அதாவது பள்ளத்தை நோக்கித் தள்ளலாம். அல்லது மேலும் கீழுமாக அசைக்கலாம். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தால், எத்தனை முறை சிக்கினாலும் ஸ்டேப்ளர் கெடாது. திருப்புளி வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். குண்டூசியின் வலுவுக்குத் தகடு வளையாது, திருப்புளியின் வலுவுக்கு வளைந்துவிடும்.

இரண்டு பின்கள் பின்னிக்கொண்டிருந்தால் ஒன்றாக இழுக்க முயல வேண்டாம். எது தளர்வாக இருக்கிறது என்று குண்டூசியால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, தளர்ந்ததை முதலில் எடுங்கள். மற்றது பெரும்பாலும் தானாகவே கழன்று விழும்.

எல்லாம் எடுத்த பிறகு, வெள்ளைத் தாளில் விழுந்திருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு தலை, இரண்டு கால்கள் கணக்கில் வர வேண்டும். ஒரு கால் குறைந்தால் அது வாயிலோ பள்ளத்திலோ இன்னும் கிடக்கிறது. ஸ்டேப்ளரைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைப் பின்னிருந்து முன்னாகத் துடைத்துவிடுங்கள். பசைத் துகள்கள் மஞ்சள் நிறப் பொடியாகச் சேர்ந்திருந்தால் அவற்றையும் குண்டூசியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு பின் இல்லாமல் மேல்மூடியை மெல்ல மூடி மூடித் திறந்து, தள்ளுகட்டை பள்ளத்தின் நுனிவரை தடையில்லாமல் வருகிறதா, அடிதகடு வாயில் உரசாமல் இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் சரத்தைப் போட்டு, இரண்டு பழைய தாள்களில் மூன்று முறை அடித்துப் பார்க்கலாம்.

வெளியே வந்த பின்னின் வடிவம் சொல்வது

சிக்கிய பின்னை உடனே குப்பையில் போடாமல் ஒரு கணம் உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஏன் சிக்கியது என்பதை அது தன் வடிவத்தில் எழுதி வைத்திருக்கும்.

தலை நடுவில் குழிந்து, கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக மடங்கி, ஆங்கில எம் எழுத்தைப்போல் இருந்தால், காகிதம் அதிகம். கால்களால் துளைக்க முடியவில்லை, அடிதகடோ விடவில்லை. நடுவில் தலை அமுங்கியது. 10ஆம் எண் பின்னின் கால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், 20 தாள்களைத் துளைக்க 2 மில்லிமீட்டர் போய்விடும். மடங்குவதற்கு மிஞ்சுவது 3 மில்லிமீட்டர்தான். பெட்டியில் 20 தாள் வரை என்று சொல்லியிருந்தாலும் நான் 15க்கு மேல் இதில் அடிப்பதில்லை. முத்திரைத்தாள் ஜெராக்ஸ் தாளைவிடத் தடித்தது. கோப்பு அட்டை இன்னும் தடித்தது. ஆகவே தாளின் எண்ணிக்கையைவிடக் கட்டின் மொத்தக் கனத்தைத்தான் பார்க்க வேண்டும். கட்டை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துப் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர் எது, மூன்று மில்லிமீட்டர் எது என்று சில நாள்களில் விரலுக்கே தெரிந்துவிடும். லேமினேஷன் செய்த தாளில் சிறிய ஸ்டேப்ளரால் அடிக்கவே கூடாது. கால் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே மடங்கிவிடும்.

ஒரு கால் நேராகவும் மற்றது மடங்கியும் இருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. கட்டின் ஓரத்தில், பாதிப் பின் காகிதத்துக்கு வெளியே இருக்கும்படி அடித்திருக்கலாம். அல்லது மேல்மூடியை நுனியில் அழுத்தாமல் நடுவிலோ ஓரத்திலோ அழுத்தியிருக்கலாம். தயங்கித் தயங்கி அழுத்துவதாலும் இது நேரும். பாதி வரை அழுத்தி நிறுத்தினால் பின் பாதி இறங்கி நிற்கும். அடிதகடு மேலே போனதும் அடுத்த பின் அதன் தலைமேல் வந்துவிடும். உள்ளங்கையின் அடிப்பகுதியை மேல்மூடியின் நுனியில் வைத்து, ஒரே அழுத்தாக அடிவரை அழுத்திவிட்டுக் கையை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

ஒட்டிய இரண்டு பின்கள் சேர்ந்தே நசுங்கி வந்தால் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும். ஒன்று அடிதகட்டின் அடி விளிம்பு. அது கூர்மையான நேர்க்கோடாக இருக்க வேண்டும். பல்லாயிரம் அடிகளுக்குப் பின் மழுங்கி உருண்டிருந்தால், முதல் பின்னை மட்டும் பிரித்து எடுக்காமல் வழுக்கி அடுத்ததன் மேலும் ஏறிவிடும். மற்றது வாய். அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சரத்திலிருந்து ஒரு பின்னைப் பிரித்து, மேலிருந்து வாய்க்குள் விடுங்கள். அது தடையில்லாமல் இறங்க வேண்டும். பிறகு ஒட்டிய நிலையில் இரண்டு பின்களை விடுங்கள். அவை இறங்கக் கூடாது. இரண்டும் இறங்கினால் வாய் அகன்றுவிட்டது.

அகன்ற வாயைச் சரிசெய்ய முடியுமா என்றால், ஒரு முறை முயன்று பார்க்கலாம். அடிதகட்டை மேலே தூக்கிவைத்துவிட்டு, முன்பக்கத் தகட்டின் மேல் மடித்த துணி ஒன்றை வைத்து, அகன்ற வாயுள்ள குறடால் இரு ஓரங்களிலும் மாறி மாறி மென்மையாக அழுத்தி, ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் ஒரு பின்னை விட்டுப் பாருங்கள். ஒரு பின் சிரமப்பட்டு இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதிகம் அழுத்திவிட்டால் அடிதகடே நுழையாது. சில ஸ்டேப்ளர்களில் இது பலிக்கிறது. எஃகு தடித்த ஸ்டேப்ளர்களில் தகடு சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

பின் நசுங்காமல், பக்கவாட்டில் படுத்த நிலையில் சிக்கியிருந்தால் அது சரத்தின் கடைசிப் பின்களில் ஒன்றாக இருக்கும். மூன்று நான்கு பின்கள் மட்டும் மிஞ்சும்போது, நிமிர்ந்து நிற்பதற்குத் துணையாகச் சரத்தின் நீளம் இருப்பதில்லை. ஸ்டேப்ளரைக் கவிழ்த்து எடுத்தாலே அவை சாய்ந்துவிடும். உடைந்த துண்டுச் சரங்களைப் போடும்போதும் இதே தொல்லை. ஐந்து பின்னுக்குக் குறைந்த துண்டுகளை நான் போடுவதே இல்லை. சிறு காசுக்காகச் சேர்த்துவைத்துப் போட்டு, நெருக்கடி நேரத்தில் பத்து நிமிடத்தை இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அளவு மாறிய பின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. 24/6 பின் 10ஆம் எண் ஸ்டேப்ளரில் உட்காரவே உட்காராது. அதன் தலை அகலம். அதனால் அங்கே தவறு நேராது. ஆனால் 24/6, 26/6 இரண்டின் தலை அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், ஒன்றுக்கு உரிய இயந்திரத்தில் மற்றது அழகாகப் பொருந்திவிடும். 24க்கு அமைந்த வாயில் 26இன் மெல்லிய கம்பி தளர்வாக நிற்கும். அடுத்த பின்னும் எட்டிப் பார்க்கும். இரண்டையும் ஏற்கும் ஸ்டேப்ளர்களும் உண்டு. எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் ஸ்டேப்ளரின் உடலிலோ அது வந்த பெட்டியிலோ அச்சிட்டிருப்பார்கள்.

முன்பக்கம் திறக்கும் இயந்திரங்கள்

நூறு தாளும் அதற்கு மேலும் அடிக்கும் பெரிய ஸ்டேப்ளர்கள் 23 வரிசைப் பின்களைப் பயன்படுத்துகின்றன. 23/10, 23/13, 23/17 என்று கால் நீளம் கூடிக்கொண்டு போகும். இவற்றில் சிலவற்றிலும், மேசை ஸ்டேப்ளர்களில் சில உயர்ந்த வகைகளிலும், சிக்கல் எடுப்பதற்கென்றே முன்பக்கத் தகடு கீல் வைத்துச் செய்யப்பட்டிருக்கும். கொக்கியை விடுவித்தால் தகடு முன்னே விழுந்து, வாயின் ஒரு சுவர் முழுவதும் விலகிவிடும். சிக்கிய பின் கண் முன்னால் தெரியும், விரலாலேயே எடுத்துவிடலாம். மிக நல்ல ஏற்பாடு. இதில் கவனிக்க வேண்டியது மூடும்போதுதான். கொக்கி முழுவதும் விழாமல் தகடு மயிரிழை திறந்திருந்தாலும் வாய் அகன்றதாகவே ஆகிவிடும். அடுத்த அடியிலேயே இரண்டு பின்கள் இறங்கிச் சிக்கும். ‘டக்’ என்ற ஒலி கேட்கும் வரை அழுத்தி மூடி, நகத்தை வைத்து இழுத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் இயந்திரத்தோடு இணைந்த ஸ்டேப்ளரிலும் இதே அமைப்புதான், சற்று மாறிய உருவில். கதவைத் திறந்து பின் பெட்டியை வெளியே இழுத்தால், அதன் முனையில் தூக்கக்கூடிய சிறு தகடு இருக்கும். அதைத் தூக்கி, சிக்கியதையும் அதை ஒட்டிக் கோணலாக நிற்கும் பின்களையும் எடுத்துவிட்டு, தகட்டை மூடி, பெட்டியைப் பொருந்தும்வரை உள்ளே தள்ள வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் மேசை ஸ்டேப்ளர் என்றால் முதலில் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். காகிதம் பட்டதும் தானாக அடிப்பது அது. விரல் பட்டாலும் அடித்துவிடலாம்.

மறுபடி சிக்காமலிருக்க

ஸ்டேப்ளர் இறுக்கமாக இருக்கிறது என்று வாயில் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் தூசியையும் பசைப் பொடியையும் கூட்டிச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். அடுத்த பத்து அடிக்கு ஒவ்வொரு தாளிலும் கறை விழும். பத்திர நகலில் எண்ணெய்க் கறையோடு கொடுத்தால் யார் வாங்குவார்கள்? பின்பக்கக் கீலுக்கு மட்டும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிடலாம். பள்ளத்தில் தள்ளுகட்டை திணறி நகர்ந்தால், பென்சிலின் கரி முனையைப் பள்ளத்தின் அடியிலும் இரு ஓரங்களிலும் நான்கைந்து முறை தேய்த்துவிடுங்கள். காய்ந்த பொடியாக இருப்பதால் அது வழுவழுப்பைத் தரும், தூசி ஒட்டாது.

பின்களை ஈரம் படாமல் வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் திறந்து போட்ட பெட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதற்குள் சரத்தின் ஓரங்களில் செம்பழுப்பு படியும். துருப்பிடித்த பின்கள் பசையைவிட இறுக்கமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், அடிதகடு ஒன்றைப் பிரிக்கும்போது மற்றதையும் இழுக்கும். துரு படிந்த சரத்தைக் கண்டால் அதைச் சிக்கனம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். காகிதத்திலும் அது கறை ஏற்றும்.

குழித்தகட்டையும் வாரம் ஒரு முறை பாருங்கள். பல 24/6 ஸ்டேப்ளர்களில் அதைச் சுழற்ற முடியும். ஒரு நிலையில் கால்கள் உள்நோக்கி மடங்கும். மறு நிலையில் வெளிநோக்கி விரியும். வெளிநோக்கி விரிவது பின்னைப் பிறகு எளிதாகப் பிடுங்குவதற்காக வைத்த ஏற்பாடு. யாராவது தெரியாமல் பாதி திருப்பிவிட்டால் கால்கள் குழியில் விழாமல் திட்டில் மோதி நசுங்கும். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு கால்களும் ஒரே கோட்டில், தாளோடு படிந்து, நுனி தட்டுப்படாமல் படுத்திருக்க வேண்டும். விரலால் தடவினால் நுனி குத்துகிறது என்றால், குழித்தகட்டைத் துடைத்து நேராக்குங்கள்.

எடுத்த பின்களையும் உடைந்த கால்களையும் வெள்ளைத் தாளோடு சேர்த்து மடித்து ஒரு சிறு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். தரையில் விழுந்த அரை சென்டிமீட்டர் கம்பி, செருப்பைக் கழற்றிவிட்டு வரும் பெரியவரின் காலிலோ தவழும் குழந்தையின் கையிலோதான் போய் ஏறும்.

வாய்ச் சோதனையில் இரண்டு பின்கள் இறங்கி, குறடால் அழுத்தியும் சரியாகாத ஸ்டேப்ளரை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். ஆனால் பழையதை எறிய வேண்டியதில்லை. 10ஆம் எண் ஸ்டேப்ளர்கள் பலவற்றின் வால் பக்கத்தில் தட்டையான எஃகு நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அடித்த பின்னைக் காகிதம் கிழியாமல் கிளப்பி எடுப்பதற்கென்று வைத்தது அது. வாய் கெட்டாலும் அந்த நாக்கு கெடுவதில்லை. நான் திருப்புளியால் நெம்பிய அந்த ஸ்டேப்ளர் இன்றும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நகல் எடுப்பதற்காக யாராவது பின் அடித்த கட்டைக் கொண்டுவந்து நீட்டினால், நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.